பயத்துக்கு ‘ஆஃப்’தான் வரும்

மூடாதீங்க தம்பி, படிங்க. நான் வேணும்னு எட்டிப் பாக்கல. பக்கத்து சீட்டுக்காரன் பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சாக்கூட நான் திரும்ப மாட்டேன். இங்கிலீஷ் எழுத்து கண்ணுல பட்டா மட்டும் கழுத்து தன்னால திரும்பிரும். என்ன பாடம் இது? பயத்தப் பத்திப் பேசுததுக்கு உள்ள வார்த்தைகளா? சரிதான். வெளிநாடு போற பரிட்சையா? நல்லா எழுதுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப வாய்க்குள்ள ‘ஃபியர் ஃப்ரம் டாக்ஸ்’னு சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. ஃப்ரம் வராது. பயத்துக்கு ‘ஆஃப்’தான் வரும். ஃபியர் ஆஃப் டாக்ஸ். அஃப்ரைட் ஆஃப் டாக்ஸ். தமிழ்ல நாயக் கண்டா பயம்னு சொல்லுதோம்லா, அங்க ‘கண்டா’தான் ஜோடி. இங்கிலீஷ்ல ‘ஆஃப்’. வார்த்தை தனியா வாழாது தம்பி, ஜோடியோடதான் வாழும். வகுப்புல முதல் நாளு நான் போர்டுல எழுதுத வாக்கியமே அதுதான்.

என் பேரு செல்வின் துரை. தூத்துக்குடியில செல்வின் ஸ்போக்கன் இங்கிலீஷ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, நீங்க சின்ன ஆளு. மருந்துக்கடைக்கு மேல மாடியில இருந்துச்சு. சாயங்காலமானா படியில செருப்பு விட எடம் இருக்காது. அங்க படிச்சவன்லாம் இன்னைக்குத் துபாயில இருக்கான், கப்பல்ல இருக்கான். ஒருத்தன் என்னப் பத்திக் குறை சொல்லி நீங்க கேக்க முடியாது. குறை சொன்னது ஒரே ஒருத்திதான். அதையும் இங்கிலீஷ்லயே சொன்னா.

என் பெஞ்சாதி. ஹெப்சிபா. சாயர்புரத்துக்காரி. நான் ஹெப்சின்னு கூப்பிடுவேன்.

நர்சு. தூத்துக்குடியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை. நல்ல கை, அத இல்லன்னு சொல்லக்கூடாது. அவ ஊசி போட்டா பச்சப்புள்ளகூட அழாதும்பாங்க. இங்கிலீஷ்தான் சுத்தமா வராது. அயர்லாந்துல நர்சுக்கு ஆள் எடுக்காங்கன்னு தெரிஞ்சதும் நான்தான் சொன்னேன், ஏளா, பரிட்சை எழுது, வாத்தியாரு வீட்டுலயே இருக்கேன்லான்னு. எழுதினா. பேசுத பரிட்சையில போச்சு. என்னன்னு விசாரிச்சா, பரிட்சை எடுத்த பொம்பள ‘உனக்கு எதக் கண்டா பயம்’னு கேட்டிருக்கா. இவ வாயத் தெறக்காம உக்காந்திருந்திருக்கா. செல்வின் துரை பெஞ்சாதி இங்கிலீஷ்ல தோத்துட்டா. மருந்துக்கடைக்காரரு என்னப் பாத்து, ‘என்ன சார், வீட்டுல ஃபெயிலாமே’ங்காரு. என் நெலமைய யோசிச்சுப் பாருங்க.

அன்னைக்கு வீட்டுல பாடத்த ஆரம்பிச்சேன். பயத்துலேருந்தே ஆரம்பிச்சேன், அவ தோத்த எடம் அதுதானே.

என் முறை என்னன்னா, உதாரணம் காட்டாமப் பாடம் நடத்த மாட்டேன். ஆப்பிள்னு சொல்லிக் குடுக்கணும்னா ஆப்பிளக் கையில குடுக்கணும். பயத்த எப்படிக் கையில குடுக்க? யோசிச்சேன். ‘ஃப்ரம்’னு சொன்னா ஸ்டீல் ஸ்கேல். ஓரத்தால, விரல் முட்டியில. அது அடி இல்ல தம்பி, ஞாபகத்துக்கு. நான் கை நீட்டுத ஆளே இல்ல, தூத்துக்குடியில யாரை வேணாலும் கேளுங்க. ஒரு தடவ அவ சுண்டுவிரல் வீங்கிட்டு, மடக்க முடியல. ஆஸ்பத்திரியில கேட்டதுக்குக் கதவுல நசுங்கிட்டுன்னு சொல்லியிருக்கா. நான் அப்படிச் சொல்லச் சொல்லல. அவளாத்தான் சொன்னா. அப்போ அவளுக்கே அது பெருசாத் தெரியலன்னுதானே அர்த்தம்?

‘பெட்ரிஃபைட்’னு ஒண்ணு இருக்கு, பாருங்க, உங்க பக்கத்துலயும் இருக்கும். பயத்துல கல்லாப் போறது. அது அவளுக்கு விளங்கவே இல்ல. மொட்டமாடிக்குக் கூட்டிட்டுப் போயி, கைப்பிடிச் சுவருக்கு மேல இடுப்பு வரைக்கும் வெளிய சாச்சு, பின்னாலேருந்து ஜடையப் பிடிச்சுக்கிட்டேன். விட்டுருவேனா? என் பெஞ்சாதி. கீழ ரோட்டுல ஆட்டோ போகுது. அவ கத்தல, அசையல, மூச்சு விடுதாளான்னே தெரியல. ‘இப்ப நீ இருக்கேல்லா, இதுக்குப் பேருதான் பெட்ரிஃபைட்’னேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தைய அவ மறந்ததே இல்ல.

அடுத்தது ‘ஃபியர் ஃபார் மை லைஃப்’. உசுருக்குப் பயப்படுதது. இதுல ஆஃப் வராது, ஃபார் வரும். யாரக் கண்டு பயமோ அங்க ஆஃப். எது போயிருமோன்னு பயமோ அங்க ஃபார். குறிச்சுக்கங்க, பரிட்சையில நிறைய பேரு கோட்ட விடுத எடம் இது. ஹெப்சிக்கு இது மாறி மாறி வந்துட்டே இருந்துச்சு. ஸ்கேலுக்கும் அடங்கல. பாத்ரூம்ல தண்ணி டிரம்மு இருந்துச்சு. தலையப் பிடிச்சு உள்ள அமுக்குனேன். கொஞ்ச நேரந்தான். வெளிய எடுத்துக் கேட்டேன், ஆஃபா, ஃபாரா? இருமிக்கிட்டே ‘ஃபார்’னா. கரெக்டு. அன்னைக்கு சாயங்காலம் நானே கடைக்குப் போயி பரோட்டா வாங்கிட்டு வந்து, பிச்சு ஊட்டி விட்டேன். அதெல்லாம் அவ கோர்ட்டுல சொல்லல, பாருங்க. டிரம்மச் சொன்னா. பரோட்டாவச் சொல்லல.

ஏன் தம்பி தள்ளி உக்காருதீங்க, எடம் இருக்குல்லா. கால நீட்டி உக்காருங்க. பஸ்ஸு மதுரை போகத்தான் செய்யும்.

அடுத்த தடவ பாஸ் பண்ணிட்டா. பேசுததுல நல்ல மார்க்கு. வகுப்புல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். முதல்ல அவ போனா, பின்னால நான் போனேன். பெஞ்சாதி விசாவுல தொத்திக்கிட்டுப் போற புருசன். அங்க எனக்குக் கெடச்ச வேலை என்ன தெரியுமா? கோடவுன்ல பெட்டி அடுக்குதது. மழை, குளிரு, பெட்டி. நான் பேசுத இங்கிலீஷு அங்க உள்ளவனுக்குப் புரியல. அவன் பேசுதது எனக்குப் புரியல. என்னய ‘ப்ரொஃபசர்’னு கூப்பிட்டானுவ. மரியாதைன்னு கொஞ்ச நாளு நெனச்சிட்டு இருந்தேன்.

இவளுக்கு அப்படி இல்ல. வார்டுல எல்லாருக்கும் இவள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவங்கள மாதிரியே வார்த்தைய முழுங்கி முழுங்கிப் பேச ஆரம்பிச்சா. போன்ல பேசிப் பேசிச் சிரிப்பா. நான் திருத்துனேன். இப்படி இல்ல, அப்படின்னேன். அதுக்கு அவ ரொம்ப அமைதியா, ‘இங்க யாரும் அப்படிப் பேசுதது இல்ல அத்தான்’னா. எனக்கே பாடம். போனு கையில இருந்துச்சு, அதாலயே வாயில லேசா ஒண்ணு. பல்லு போனது உண்மைதான். ஏற்கெனவே ஆடிட்டு இருந்த பல்லு அது.

கிறிஸ்மஸுக்கு அவ வார்டுல உள்ளவங்க ஒரு ஓட்டல்ல மத்தியான விருந்து வச்சாங்க. நான் கோட்டுப் போட்டுட்டுப் போனேன். ஒரு டாக்டரம்மா, ‘எங்க ஊரு குளிரு எப்படி இருக்கு’ன்னு கேட்டாங்க. நான் எழுந்து நின்னு, ‘மேடம், ஐ வாஸ் சீஸ்ட் வித் ட்ரெட்’னேன். பெரும் பயம் என்னப் பிடிச்சு ஆட்டிட்டுன்னு அர்த்தம். முதல் தரமான வாக்கியம். மேசையே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும், அவங்களுக்கு அவங்க பாஷையே சரியாத் தெரியாது. ஆனா ஹெப்சியும் சிரிச்சா. வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சா. தோளு குலுங்குச்சு, நான் பாத்தேன்.

வீட்டுக்கு வாரது வரைக்கும் நான் ஒரு வார்த்த பேசல. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. கார்லயே, ‘மன்னிச்சிருங்க அத்தான், மன்னிச்சிருங்க அத்தான்’னு சொல்லிட்டே வந்தா. அப்பவே நிறுத்தியிருந்தான்னா எனக்கும் கோவம் எறங்கியிருக்கும். திருப்பித் திருப்பிச் சொன்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது? அடுக்களைக்குள்ள போனதும் பிடரியப் பிடிச்சு, ஃபிரிட்ஜு கதவுல முகத்த மோதுனேன். ‘சிரி, இப்பச் சிரி’ன்னேன். கதவுல ஒட்டி வச்சிருந்த காந்தப் பொம்மையெல்லாம் உதிந்துச்சு. வெள்ளக் கதவு, செவப்பு நல்லாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் கழுத்து. கழுத்த நான் பிடிச்சது அவ கீழ விழுந்துரக் கூடாதுன்னுதான். கோர்ட்டுல அத நெரிச்சதுன்னு எழுதிக்கிட்டாங்க. 

அந்த ஊரு வீடு ஒட்டு வீடு, நடுவுல ஒரே சுவரு. பக்கத்துல நோரான்னு ஒரு கெழவி. நாய வச்சுக்கிட்டுத் தனியாக் கெடக்கும். அதுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சிருந்தேன். அதுதான் போலீசுக்குப் போன் பண்ணியிருக்கு.

ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. நான்தான் கதவத் தொறந்தேன், வாங்க உக்காருங்கன்னேன், டீ போடவான்னு கேட்டேன். அந்தப் பொம்பள போலீசு என்னப் பாக்கவே இல்ல. நேரா ஹெப்சியப் பாத்து, ‘ஆர் யூ அஃப்ரைட் ஆஃப் ஹிம்?’னு கேட்டா. இவ மூக்குல துணிய வச்சுக்கிட்டு நிக்கா. பதில் சொல்லல. பழைய பரிட்சை மாதிரியே. நானே சொன்னேன், ‘அவளுக்கு எல்லாத்தையும் கண்டா பயம் ஆபீசர், பல்லியக் கண்டாக்கூட’ன்னு. தமாசுக்குத்தான். யாரும் சிரிக்கல. அந்தப் பொம்பள இவளக் கூட்டிட்டுப் போயி அடுக்களைக் கதவச் சாத்திட்டா.

கதவுக்கு வெளிய நான் நிக்கேன். உள்ள ஹெப்சி குரலு. மூக்கு அடைச்சிருந்தாலும் தெளிவா இருந்துச்சு. ‘ஐ லிவ் இன் ஃபியர் ஆஃப் மை ஹஸ்பண்ட். ஐ ஃபியர் ஃபார் மை லைஃப்.’

புருசனக் கண்டு பயந்து பயந்தே வாழுதேன். என் உசுரு போயிருமோன்னு பயமா இருக்கு. ரெண்டு வாக்கியம். ஒண்ணுல ஆஃப், ஒண்ணுல ஃபார். ஒரு தப்புக் கெடையாது. கையில விலங்கு மாட்டும்போதுகூட எனக்கு முதல்ல தோணினது என்ன தெரியுமா? பரவாயில்ல, படிச்சிருக்கா.

கோர்ட்டுல அவளுக்குத் தமிழ் தெரிஞ்ச ஆள வச்சுத் தாரோம்னு சொன்னாங்க. வேண்டாம்னுட்டா. நானே பேசிக்கிடுவேன்னா. பேசுனா. ஸ்கேலு, மொட்டமாடி, டிரம்மு, பல்லு, ஃபிரிட்ஜு. ஒவ்வொண்ணுக்கும் சரியான வார்த்தை. தட்டுத் தடங்கல் இல்ல. ஜட்ஜ் ஒரு வயசான மனுசன், அவரு பேனாவக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு, ‘அம்மா, இவ்வளவு துல்லியமாச் சொல்லுதீங்களே’ன்னு. அதுக்கு இவ என்னப் பாத்து நேரா கையக் காட்டி, ‘இந்த வார்த்தையெல்லாம் இவரு சொல்லிக் குடுத்ததுதான். முதல்ல அத எனக்குச் செய்வாரு. அப்புறம் அதுக்குப் பேரு சொல்லுவாரு’ன்னா.

முதல் பாதியக் கேட்டதும் எனக்கு நன்றி சொல்லுதான்னு நெனச்சுட்டேன் தம்பி. நிமிந்துகூட உக்காந்தேன்.

வீட்டுப் பக்கமே போகக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. செயில்லயும் கொஞ்ச நாளு வச்சிருந்தாங்க, அத விடுங்க. என் விசா அவ விசாவத் தொத்திக்கிட்டு இருந்த விசா, அதுவும் போச்சு. ஊருக்கு வந்தேன். மறுபடியும் மாடிய வாடகைக்கு எடுத்து போர்டு மாட்டுனேன். எனக்கு முன்னாடியே சேதி வந்து சேந்துருக்கு. பொம்பளப் புள்ளைகள யாரும் அனுப்பல. அப்புறம் பயலுவளும் வரல. இப்படி ஒரு மனுசன அழிக்கலாமா? நீங்களே சொல்லுங்க. நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்?

சரி, இன்னைக்குக் காலையில நடந்ததச் சொல்லுதேன். என் மாமனாரு குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு கெடக்காரு. அவரப் பாக்க இவ லீவு போட்டு சாயர்புரம் வந்திருக்கான்னு தெரிஞ்சுச்சு. அந்த ஊரு உத்தரவு சாயர்புரத்துல செல்லாது, அது எனக்குத் தெரியும். பேசத்தான் போனேன். சத்தியமாப் பேசத்தான் போனேன்.

அத்தை, அதான் அவ அம்மா, வாசப்படியில நின்னுக்கிட்டு, ‘உள்ள வராதீங்க, அவ ஒங்கள இனி பாக்க மாட்டா’ன்னாவ. நான் ஒதுங்குங்க அத்தைன்னு சொல்லி ஒதுக்குனேன். வயசான பொம்பள, நெலை தப்பிப் படியில விழுந்துட்டாவ. தலையில பட்டுட்டு. நான் நின்னு தூக்கத்தான் நெனச்சேன், அதுக்குள்ள பின்கட்டுல ஹெப்சி குரலு கேட்டுச்சு, ‘யாரும்மா அது’ன்னு.

பின்கட்டுல குழாயடியில உக்காந்து சீலா மீன் நறுக்கிட்டு இருந்தா. என்னப் பாத்தா. ‘எந்திரிளா, பேசணும்’னேன். எந்திரிக்கல. கை ஜடைக்குத்தான் போச்சு. ஜடை இல்ல. கழுத்தோட கத்தரிச்சு விட்டிருக்கா, ஆம்பள கிராப்பு மாதிரி. எனக்குப் புடிக்க எடம் இல்ல. அந்தக் கோவத்துல பிடரியப் புடிச்சுத் தூக்கினேன். வழக்கமா புடிச்சதும் அவ ஒடம்பு மரக்கட்டையாயிரும், கண்ண இறுக்கி மூடிக்கிடுவா. இன்னைக்கு மூடல. திரும்பிட்டா. மீன் வெட்டுன கத்தி கையில இருக்கு.

‘விடுங்க’ன்னா. தமிழ்லதான் சொன்னா. ஒரே வார்த்தை.

நான் கத்தியப் புடுங்கப் போனேன். அவ என்னய வெட்டல, அதையும் சொல்லிருதேன், நான் பொய் சொல்லுத ஆளு இல்ல. நான்தான் அலகப் புடிச்சேன். அவ புடிய விடல. நான் இழுத்தேன், அவ அசையாம நின்னா, என் உள்ளங்கை கிழிஞ்சுக்கிட்டே போச்சு. மீன் மேலயெல்லாம் என் ரத்தம். அதான் இந்தத் துண்டு. நீங்க ஏறுனதுலேருந்து இதையேதான் பாத்துட்டு வாரீங்க.

அப்புறம் அவ செஞ்சதுதான் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்கு. என் கையப் பாத்தா. ஆஸ்பத்திரியில எவன் கையையோ பாக்குத மாதிரி பாத்தா. ‘ஆழமா இருக்கு, தையல் போடணும். துணியச் சுத்திக்கிட்டு வெளிய போங்க’ன்னா. கத்திய எறக்கல. இன்னொரு கையால போன எடுத்து போலீசக் கூப்பிட்டா. தெருப் பேரு, வீட்டு அடையாளம், என் முழுப் பேரு, அம்மா தலையில அடி, ஆம்புலன்ஸ் வேணும், எல்லாத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னா. நான் அவ கத்தி புடிச்ச கையவே பாத்துக்கிட்டு நின்னேன். ஆடும், இப்ப ஆடும்னு பாத்தேன். ஆடவே இல்ல தம்பி. ‘ஹெப்சி, நான் உன் அத்தான்’னேன். அவ போன்ல, ‘ஆமா, இன்னும் இங்கதான் நிக்காரு’ன்னா.

வெளிய வந்துட்டேன். ஓடல. கொஞ்சம் வேகமா நடந்தேன், அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்புக்கு வந்து பாத்தா பேண்டு முன்னால நனைஞ்சிருக்கு. மீன் கழுவுன தண்ணி பட்டிருக்கும். வாயெல்லாம் ஒரே வறட்சி, எச்சி முழுங்க முடியல. வெயிலு. காலையில நான் ஒண்ணும் சாப்பிடல, சக்கரை கொறைஞ்சிருக்கும். என்ன கேட்டீங்க? பயமா? என்ன பேச்சு பேசுதீங்க தம்பி. நான் எதுக்குப் பயப்படணும். 

மதுரையில ஒரு பிரண்டு இருக்கான், அவன்கிட்ட கொஞ்ச நாளு இருப்பேன்.

முன்னால வாரது டோல்கேட்டுதானே? அங்க ஜீப்பு ஏதும் நிக்குதா, கொஞ்சம் எட்டிப் பாருங்க. இல்ல, சும்மாதான் கேட்டேன். நீங்க இந்த ஜன்னல் பக்கம் வந்துருங்களேன், எனக்கு வெயிலு மூஞ்சில அடிக்கி. ஒங்க பைய என் மடியில வைங்க, நான் பாத்துக்கிடுதேன். யாராவது ஏறிக் கேட்டா நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாரோம்னு சொல்லுங்க. சொல்லுவீங்கல்லா?

என் காலையா பாக்கீங்க? கால் ஆடுதா? பஸ்ஸு போகுதுல்லா தம்பி, ஆடத்தான் செய்யும்.

என்ன, பஸ்ஸு நின்னுட்டா? எப்போ நின்னுச்சு?